புல்வெளியின் பேரரசு – 7: பகைவர் வீட்டுப் பிள்ளைகள்

கொள்ளையடிக்கப் போனவர்கள் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்கள்.

ஆண்டு 1196. வட சீனத்தை ஆண்ட ஜின் அரசின் படையோடு கைகோத்து, மங்கோலியத் தலைவன் தெமுஜினும் கெரெயித் தலைவர் தொக்ருலும் தாத்தார்களை முறியடித்திருந்தார்கள். தாத்தார்கள் விட்டு ஓடிய முகாமில் தனியே நின்றான் அந்தச் சிறுவன். மூக்கில் பொன் வளையம், உடம்பில் சேபிள் ரோமம் உள்ளே வைத்துத் தைத்த பொன்னிழைப் பட்டுச் சட்டை. தெமுஜின் அவனைத் தன் தாயிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். ஓலுன் அம்மா அவனை ஏறிட்டுப் பார்த்தாள். நல்ல குடியில் பிறந்த பிள்ளைதான் என்று சொல்லித் தன் மக்களில் ஒருவனாகச் சேர்த்துக்கொண்டாள். ஷிகி குதுகு என்று பெயரிட்டாள்.

இந்தத் தொடரை முதலிலிருந்து வாசித்து வருபவர்களுக்கு இந்த இடத்தில் மனம் ஒரு கணம் நிற்கும். ஓலுனின் கணவன் யெசுகெயை விருந்தில் நஞ்சு வைத்துக் கொன்றவர்கள் தாத்தார்கள். தெமுஜினுக்கு அப்போது ஒன்பது வயது. அன்றோடு இவள் வாழ்வு குலைந்தது. அந்தத் தாத்தார் வீட்டுப் பிள்ளைக்குத்தான் இப்போது சோறு போட்டாள்.

அவன் ஒருவன் மட்டுமல்ல. அவள் கூடாரத்தில் ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள். குச்சு, மெர்கித் முகாமில் ஐந்து வயதில் கிடைத்தவன். மெர்கித்கள்தான் இவளுடைய மருமகள் போர்த்தேயைத் தூக்கிக்கொண்டு போனவர்கள். கோகோச்சு, தாயிச்சியூத் கூட்டத்தாரின் முகாமில் கிடைத்தவன். கணவன் இறந்ததும் இவளையும் சின்னஞ்சிறு பிள்ளைகளையும் ஆற்றங்கரையில் அநாதையாக விட்டுவிட்டு மந்தைகளோடு நகர்ந்துபோனவர்கள் தாயிச்சியூத்கள். சிறிது காலத்தில் நான்காமவன் பொரோகுலும் வந்து சேர்ந்தான். தெமுஜினின் நெருங்கிய பங்காளிகளாக இருந்தும் அவனை அவமதித்து, கடைசியில் அவன் கையாலேயே அழிந்த ஜுர்கின் கூட்டத்துப் பிள்ளை.

பெயர்கள் வாய்க்குள் நுழையச் சிரமமாக இருக்கும். எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஓலுன் அம்மா, ஷிகி குதுகு, பொரோகுல், இந்த மூன்று போதும். அடுத்த பத்தாண்டுகளில் மங்கோலியப் புல்வெளியில் நடந்த பெரிய காரியம் எல்லாம், இந்த ஒரு கூடாரத்தில் நடந்ததன் பெருக்கம் என்றே எனக்குத் தோன்றுகிறது. போர்களின் பட்டியலை மட்டும் வைத்து தெமுஜினின் வெற்றியை விளக்குபவர்கள் இந்தக் கூடாரத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அன்றைய புல்வெளி எப்படி இருந்தது என்பதைச் சுருக்கமாக நினைவூட்டிவிடுகிறேன். கிழக்கே ஏரிகளை ஒட்டித் தாத்தார்கள். வடக்கே செலெங்கா ஆற்றங்கரையில் மெர்கித்கள். நடுவே தூல், ஓர்கோன் ஆறுகள் பாயும் வளமான பகுதியில் கெரெயித்கள். மேற்கே அல்தாய் மலைப் பக்கம் நைமன்கள். ஓனோன், கெர்லென் ஆறுகளின் தலைப்பகுதியில், தங்களுக்குள்ளேயே பல கிளைகளாகச் சிதறிக் கிடந்த மங்கோலியர்கள். மொழியும் வழிபாடும் கலந்தே இருந்தன. கெரெயித், நைமன் கூட்டங்களில் நெஸ்தோரியக் கிறித்தவர்கள் இருந்தார்கள். மற்றவர்கள் நீல வானத்தை வணங்கினார்கள். எல்லோரும் ஆட்டு ரோமத்தை அடித்து இறுக்கிய கம்பளத்தால் கூடாரம் போட்டார்கள். எல்லோரும் ஒருவர் குதிரையை மற்றவர் களவாடினார்கள். ஒருவர் பெண்ணை மற்றவர் தூக்கினார்கள். ஒரு தலைமுறையின் பழியை அடுத்த தலைமுறை தீர்த்தது.

தெற்கே இருந்த ஜின் அரசு இந்தப் பகையை அணையாமல் பார்த்துக்கொண்டது. இன்று தாத்தார்களுக்குப் பட்டும் தானியமும் கொடுத்து மங்கோலியர்மேல் ஏவும். நாளை தாத்தார்கள் தலையெடுத்தால், மற்றவர்களைக் கூட்டி அவர்களை அடிக்கும். முந்தைய தலைமுறையில் மங்கோலியத் தலைவர் அம்பகாய் கானைத் தாத்தார்கள் பிடித்துக் கொடுத்தபோது, ஜின் அரசு அவரை மரக்கழுதையில் ஆணியடித்துக் கொன்றது. 1196இல் அதே ஜின் அரசுக்குத் தாத்தார்கள் வேண்டாதவர்களாகிவிட்டார்கள். அந்த வெற்றிக்காகத்தான் தொக்ருலுக்கு 'வாங்' என்ற பட்டம் கிடைத்தது. புல்வெளி நாவில் அது ஓங் கான் ஆயிற்று.

இனி 1202க்கு வருவோம். இந்த அத்தியாயத்தின் உயிர் அந்த ஆண்டில்தான் இருக்கிறது.

தாத்தார்களோடு கடைசிக் கணக்கைத் தீர்க்கக் கிளம்பும் முன் தெமுஜின் தன் படைக்கு ஓர் ஆணை பிறப்பித்தான். எதிரியை முறியடிக்கும்போது யாரும் கொள்ளைக்காக நிற்கக் கூடாது. வெற்றி முழுமையானபின் எல்லாப் பொருளும் பொதுவில் சேரும், பிறகு பங்கு பிரிக்கப்படும். பின்வாங்க நேர்ந்தால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து நிற்க வேண்டும், வராதவன் தலை தப்பாது.

படை ஒழுங்கு என்று மட்டும் இதைப் படித்துவிட்டால் இதன் கனம் புரியாது. அதுவரை புல்வெளியில் கான் என்பவர் படையின் முதலாளி அல்ல. ஒவ்வொரு குலத் தலைவனும் தன் ஆட்களோடு, தன் விருப்பத்தின் பேரில் வந்தான். எதிரி முகாம் சிதறியதும் அவனவன் ஆட்கள் அகப்பட்ட குதிரையை, ஆட்டை, பெண்ணை, அண்டாவைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த நேரத்தில் எதிரித் தலைவன் குதிரையேறித் தப்பிவிடுவான். இரண்டு ஆண்டு கழித்து அவனே ஆள் சேர்த்துக்கொண்டு பழிவாங்க வருவான். இப்படித்தான் எந்தப் போரும் முடியாமல் இழுத்துக்கொண்டே போயிற்று. கொள்ளையில் வந்ததைத் தன் ஆட்களுக்குக் கொடுப்பவன் குலத் தலைவன். ஆகவே ஆட்களின் விசுவாசமும் அவனுக்குத்தான். கொடுக்கும் கை மாறினால் விசுவாசமும் மாறும். தெமுஜின் அந்த ஓர் ஆணையால் கொடுக்கும் கையைத் தன் கையாக்கிக்கொண்டான்.

உறவினர்களுக்கு அது உடனே புரிந்துவிட்டது. அல்தான், குச்சார், தாரிதாய் என்ற மூவர். அல்தான் பழைய குதுலா கானின் மகன். குச்சார் தெமுஜினின் பெரியப்பா மகன். தாரிதாய் அவனுடைய சித்தப்பா. ரத்த முறைப்படி பார்த்தால் கான் பதவிக்கு இவர்களுக்கும் உரிமை உண்டு. 1189 வாக்கில் தெமுஜினைக் கானாக உயர்த்திப் பிடித்தவர்களில் இவர்களும் இருந்தார்கள். தாங்கள் ஏற்றி வைத்தவன் தங்களைக் கட்டுப்படுத்த மாட்டான் என்று நம்பியிருப்பார்கள். போர்க்களத்தில் ஆணையைச் சட்டை செய்யாமல் அவர்கள் கொள்ளைக்கு இறங்கினார்கள். தெமுஜின் ஜெபேயையும் குபிலாயையும் அனுப்பினான் (இந்தக் குபிலாய் ஒரு தளபதி, பின்னாளில் சீனத்தை ஆண்ட பேரன் வேறு). அந்த மூவரும் எடுத்த மந்தைகளையும் பொருள்களையும் முழுவதுமாகப் பறித்துக்கொண்டு வந்தார்கள்.

பறிக்கப் போன ஜெபே யார் என்று பாருங்கள். தாயிச்சியூத்களோடு நடந்த சண்டையில் எதிர்ப்பக்கம் நின்று அம்பெய்து தெமுஜினின் குதிரையை வீழ்த்தியவன். தோற்றபின் தானே முன்வந்து அதை ஒப்புக்கொண்டான். மறைக்காமல் சொன்னதற்காகவே தெமுஜின் அவனைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு, ஜெபே என்ற பெயரையும் கொடுத்தான். ஒருவகை அம்பின் பெயர் அது. நேற்றைய பகைவன் இன்று ரத்த உறவினர் கூடாரத்துக்குள் புகுந்து ஆணையை நிறைவேற்றுகிறான். ஓலுன் அம்மாவின் கூடாரத்து நியாயம் இப்போது படைக்குள்ளும் வந்துவிட்டது.

அல்தானும் குச்சாரும் பொறுக்கவில்லை, எதிரணிக்குப் போய்விட்டார்கள்.

அந்தப் போருக்குப் பின் நடந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தோற்ற தாத்தார்களை என்ன செய்வது என்று தெமுஜினும் உறவினரும் கூடாரத்துக்குள் அமர்ந்து பேசினார்கள். வண்டிச் சக்கரத்தின் கடையாணிக்கு மேல் உயரம் வளர்ந்த ஆண்கள் அத்தனை பேரையும் கொல்வது, மிச்சமுள்ளவர்களைப் பிரித்துக்கொள்வது என்று முடிவாயிற்று. வெளியே வந்த தெமுஜினின் மாற்றாந்தாய் மகன் பெல்குதெய், கைதியாயிருந்த ஒரு தாத்தார் தலைவனிடம் அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டான். செய்தி பரவியது. சாவது உறுதி என்று அறிந்த தாத்தார்கள், ஆளுக்கொரு கத்தியைச் சட்டைக் கைக்குள் மறைத்துக்கொண்டு, சாவதற்குமுன் ஒருவனையாவது கூட்டிக்கொண்டு போவோம் என்று பாய்ந்தார்கள். இரு பக்கமும் ரத்தம் ஓடியது. பெல்குதெய் அதற்குப் பிறகு பெரிய ஆலோசனைகளில் உட்கார அனுமதிக்கப்படவில்லை. தந்தையின் கொலைக்குப் பழி என்று மங்கோலியர்களின் பழைய நூல் இதை விளக்குகிறது. என்னால் அந்த விளக்கத்தை ஏற்க முடியவில்லை. கடையாணியை ஒட்டி நிறுத்தப்பட்ட பையன்களில் ஒருவனும் யெசுகெய்க்கு நஞ்சு கலந்தவன் அல்ல. அன்று ஷிகி குதுகு தன் பிறந்த கூட்டத்தின் முடிவை எங்கிருந்து பார்த்தான், என்ன நினைத்தான் என்று அந்த நூல் ஒரு வரியும் எழுதவில்லை.

நான் குறிப்பிடும் நூல் 'மங்கோலியர்களின் ரகசிய வரலாறு'. தெமுஜின் இறந்த சில ஆண்டுகளில் எழுதப்பட்டது. மங்கோலிய எழுத்தில் இருந்த மூலம் தொலைந்துபோயிற்று. மொழி கற்பிப்பதற்காகச் சீனர்கள் தங்கள் எழுத்துகளில் ஒலிபெயர்த்து வைத்த வடிவம்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது. அரச குடும்பத்தின் வெற்றியோடு அவர்களுடைய அவமானங்களையும் பயங்களையும் அது சொல்லிவிடுகிறது. அதனால்தான் அதை நம்பி இத்தனை வாரங்களாக எழுத முடிகிறது.

1203இல் தெமுஜினுக்குப் பேரிடி. தந்தையைப் போல் மதித்த ஓங் கானே, மகன் செங்கூமின் பேச்சைக் கேட்டு அவனைத் தீர்த்துக்கட்ட முடிவு செய்தார். கல்யாணப் பேச்சு என்று விருந்துக்கு அழைத்துப் பிடிப்பது முதல் திட்டம். அது பலிக்காமல் போகவே, விடியலில் சூழ்ந்து தாக்குவது என்று தீர்மானித்தார்கள். இதைப் பாதாய், கிஷிலிக் என்ற இரண்டு குதிரை மேய்ப்பவர்கள் காதில் வாங்கினார்கள். பால் கொண்டுவந்து கொடுக்க வந்தவன் கூடாரத்துக்கு வெளியே நின்று கேட்டானாம். அன்றிரவே இருவரும் குதிரையேறி வந்து தெமுஜினை எச்சரித்தார்கள்.

கலகல்ஜித் மணல்வெளியில் நடந்த போரில் உயிர் தப்பியதே பெரிது. விடிந்ததும் ஆட்களை எண்ணிப் பார்த்தபோது, மூன்றாம் மகன் ஒகதாயைக் காணவில்லை. அவனோடு பொரோகுலும் இல்லை. மகனைவிட்டு அவன் வந்திருக்க மாட்டான் என்றே எல்லோரும் நினைத்தார்கள். பொழுது ஏறியபின் ஒரு குதிரை வந்தது. மேலே இரண்டு பேர். ஒகதாயின் கழுத்தில் அம்புக் காயம். உறைந்த ரத்தத்தை இரவெல்லாம் வாயால் உறிஞ்சித் துப்பி உயிரைக் காத்தவன் பொரோகுல். அவன் வாயோரத்தில் ரத்தம் வழிந்திருந்தது. தெமுஜின் அழுதான் என்று அந்த நூல் சொல்கிறது. ஜுர்கின் வீட்டுப் பிள்ளை, பின்னாளில் மங்கோலியப் பேரரசின் இரண்டாவது கானாக ஆகப்போகிறவனைக் காப்பாற்றியிருந்தான். பொரோகுலின் மனைவி அல்தானியும் குறைந்தவள் அல்ல. ஓலுனின் கூடாரத்துக்குள் பசிக்குச் சோறு கேட்டு நுழைந்த ஒரு தாத்தார், தெமுஜினின் நான்காம் மகன், குழந்தையாயிருந்த துலுயைத் தூக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு கத்தியை உருவியபோது, அவள்தான் ஓடிப்போய் ஒரு கையால் அவன் தலைமயிரையும் மறு கையால் கத்தி பிடித்த கையையும் இழுத்துப் பிடித்தாள். கத்தி கீழே விழுந்தது.

எஞ்சியிருந்தவர்கள் 2,600 பேர். அவர்களோடு பால்ஜுனா என்ற நீர்நிலையோரம் ஒதுங்கினான். சேற்று நீரைப் பகிர்ந்து குடித்து உறுதி எடுத்துக்கொண்டார்கள் என்பது மரபு. அங்கே ஆயிரம் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வெள்ளை ஒட்டகத்தில் வந்த அசன் என்ற முஸ்லிம் வணிகரும் அவர்களோடு சேர்ந்தார். தோற்றுப்போனவன் பின்னால் நின்ற அந்தச் சிறு கூட்டத்தில் பல குலத்தார் இருந்தார்கள். உறவென்று சொல்லத்தக்க அல்தானும் குச்சாரும் எதிரியின் பக்கம் இருந்தார்கள்.

அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் நிலைமை தலைகீழானது. ஓங் கான் பொற்கூடாரம் போட்டு விருந்தில் இருந்தபோது தெமுஜின் இரவோடிரவாகச் சூழ்ந்துகொண்டான். மூன்று நாள் சண்டை. கெரெயித்கள் பணிந்தார்கள். தப்பி ஓடிய ஓங் கானை, அவர் யாரென்று தெரியாத ஒரு நைமன் காவலன் கொன்றான். மூன்று நாளும் முன்னால் நின்று சண்டையிட்ட கெரெயித் வீரன் கதாக், தன் தலைவர் தப்பிக்க நேரம் கிடைக்கட்டும் என்றுதான் போரிட்டேன் என்று நேருக்கு நேர் சொன்னான். தெமுஜின் அவனைக் கொல்லவில்லை. தன் தலைவனைக் கைவிடாதவன் தனக்கும் துணை என்று சொல்லி, போரில் காயம்பட்டு இறந்த தன் தோழன் குயில்தாரின் மனைவி மக்களுக்குப் பணி செய்ய அவனை அமர்த்தினான். கெரெயித் மக்களைத் தாத்தார்களைப் போல் கொல்லவும் இல்லை, ஒரே கூட்டமாக இருக்கவும் விடவில்லை. குடும்பம் குடும்பமாகப் பிரித்து எல்லாப் படைகளிலும் கலந்தான். ஓங் கானின் தம்பி மகள் சொர்கக்தானி, தெமுஜினின் மகன் துலுய்க்கு மனைவியானாள். மோங்கேயும் குபிலாய் கானும் அவள் வயிற்றில் பிறந்தவர்கள்.

1204இல் நைமன்கள் வீழ்ந்தார்கள். ஆள் குறைவென்று தெரியாமலிருக்க, ஒவ்வொரு வீரனும் இரவில் ஐந்து இடத்தில் தீ மூட்டினான். வானத்து மீன்களைவிட அதிகத் தீயைக் கண்டு நைமன் காவலர்கள் கலங்கினார்கள். அந்தப் போரின் நிலையான பயன் வேறு. நைமன் அரசின் முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு தப்ப முயன்று பிடிபட்டவர் தாதா துங்கா என்ற உய்கூர் அறிஞர். தெமுஜின் அவரைத் தன் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிக்க வைத்தான். அந்த உய்கூர் எழுத்தே மங்கோலிய எழுத்தாயிற்று. இன்றும் உள் மங்கோலியாவில் மேலிருந்து கீழாக எழுதுகிறார்கள். ஆணையும் பங்கும் தீர்ப்பும் இனி வாய்மொழியோடு போகாமல் எழுத்தில் நிற்கும் வழி பிறந்தது.

பகைவனாகிவிட்ட நண்பன் ஜமுகாவின் முடிவு தனி அத்தியாயம் கேட்கும். இங்கே ஒன்று மட்டும். அவனோடு கடைசிவரை இருந்த ஐந்து தோழர்களே அவனைக் கட்டிக் கொண்டுவந்து ஒப்படைத்தார்கள். தெமுஜின் முதலில் அந்த ஐவரைத்தான் வெட்டச் சொன்னான். எதிரியின் தலைவனே ஆனாலும் சொந்தத் தலைவன்மேல் கைவைத்தவனுக்கு இடமில்லை என்பதில் அவன் ஒருபோதும் விட்டுக்கொடுத்ததில்லை.

1206, புலி ஆண்டு. ஓனோன் ஆற்றின் தலைப்பகுதியில் ஒன்பது வால் தொங்கும் வெள்ளைக் கொடி நடப்பட்டது. கம்பளக் கூடார மக்கள் எல்லோரும் கூடிய குரில்தாய் பேரவையில் தெமுஜின் செங்கிஸ் கான் ஆனான். பட்டத்தைவிட, அதே அவையில் வாசிக்கப்பட்ட பெயர்ப்பட்டியலே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. மக்களை 95 ஆயிரங்களாகப் பிரித்தான். ஆயிரம் வீரரை அனுப்பக்கூடிய குடும்பங்களின் தொகுதி ஓர் 'ஆயிரம்'. அதற்குள் நூறு, அதற்குள் பத்து. ஒரு பத்தில் நைமனும் கெரெயித்தும் மெர்கித்தும் தோளோடு தோள் நின்றார்கள். ஓர் ஆயிரத்தில் பதிந்தவன் வேறோர் ஆயிரத்துக்குப் போகக் கூடாது, போனால் மரணம். நீ எந்தக் குலம் என்ற கேள்விக்கு அருகில், நீ யாருடைய ஆயிரம் என்ற கேள்வி வந்து உட்கார்ந்தது.

அந்த ஆயிரங்களுக்குத் தலைமை ஏற்றவர்களைப் பார்த்தால் பழைய புல்வெளி எவ்வளவு திகைத்திருக்கும் என்று புரியும். தேகெய் ஆடு மேய்த்தவன். எந்தப் பட்டியலிலும் சேராமல் உதிரியாகக் கிடந்த குடும்பங்களைத் திரட்டி அவனுக்கு ஓர் ஆயிரம் உருவானது. குச்சுகூர் தச்சன். அவனுக்கு ஆள் போதாததால் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சேர்த்துக் கொடுத்தார்கள். இரவில் குதிரையேறி வந்து எச்சரித்த பாதாயும் கிஷிலிக்கும் தலைவர்களானார்கள். அவர்களுக்கு இன்னொரு சலுகையும் இருந்தது. போரில் அவர்கள் கைப்பற்றியது அவர்களுக்கே சொந்தம். கானின் சித்தப்பாவுக்கும் பெரியப்பா மகனுக்கும் மறுக்கப்பட்டது, இரண்டு மேய்ப்பர்களுக்கு உரிமையாயிற்று. அல்தானும் குச்சாரும் அதற்குமுன்பே கொல்லப்பட்டிருந்தார்கள். தாரிதாய் மட்டும், தோழர்கள் கெஞ்சியதால், தெமுஜின் தன் தந்தையை நினைத்து விட்டுவைத்ததில் பிழைத்தார்.

எல்லாக் குலமும் கரைந்துவிட்டது என்று சொன்னால் அது மிகை. தாமாக வந்து சேர்ந்த ஓங்கிராத், இகிரெஸ், ஓங்குத் கூட்டங்கள் தங்கள் தலைவர்களின் கீழேயே ஆயிரங்களாக நின்றன. எதிர்த்து நின்றவை பிரிக்கப்பட்டன, நம்பி வந்தவை காக்கப்பட்டன. கானின் காவற்படை 10,000 பேராக வளர்ந்தது. ஆயிரத் தலைவர்கள் ஒவ்வொருவரும் தம் மகனை அதில் சேர்க்க வேண்டும். மகனுக்கு அது பெருமை. தந்தை கலகம் செய்ய நினைத்தால் மகன் கானின் வாசலில் நிற்கிறான் என்ற நினைவும் கூடவே வரும். வெளியே இருக்கும் ஆயிரத் தலைவனைவிடக் காவற்படைச் சாதாரண வீரனுக்கு மதிப்பு அதிகம் என்று ஆணையே இருந்தது.

பட்டியல் வாசிக்கப்படும்போது ஷிகி குதுகு எழுந்து, தனக்கு என்ன பங்கு என்று கேட்டான். தொட்டிலில் கிடந்த நாள் முதல் இந்த வாசலில்தான் வளர்ந்தேன் என்று நினைவூட்டினான். தெமுஜின் அவனைத் தன் ஆறாவது தம்பி என்று அழைத்தான். மற்றத் தம்பிகளுக்குச் சமமான பங்கு உண்டு, ஒன்பது குற்றம்வரை தண்டனை இல்லை என்றான். பிறகு நாட்டின் தலைமை நீதிபதியாக அவனை அமர்த்தினான். மக்களைப் பங்கிட்ட கணக்கும் வழங்கிய தீர்ப்பும் நீல ஏட்டில் எழுதப்பட வேண்டும், அதைத் தலைமுறை தலைமுறைக்கும் யாரும் மாற்றக் கூடாது என்று ஆணையிட்டான். திருட்டையும் பொய்யையும் விசாரித்து, சாவுக்குரியவனைச் சாகவிடும் அதிகாரம் தாத்தார் வீட்டுப் பிள்ளையின் கைக்கு வந்தது. ஒகதாய் காலத்தில், 1230களில், வட சீனத்தின் குடிக்கணக்கை எடுக்கும் பொறுப்பும் அவனிடமே இருந்தது.

ஓனோன் கரையில் அன்று எல்லோரும் பணிந்துவிடவில்லை. வானத்தோடு பேசுகிறவன் என்று பெயரெடுத்த தெப் தெங்கெரி என்ற பூசாரி, கானுக்கு நிகராகத் தன்னைச் சுற்றி ஆள் சேர்த்துக்கொண்டிருந்தான். கானின் சொந்தத் தம்பி கசாரையே அவனும் அவன் சகோதரர்களும் அடித்துப் போட்டார்கள். அதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)